ஜப்பான் டவுனில் ஓர் ஆயுத பூஜை

பாளையங்கோட்டையில் எங்கள் தெருப் பெண் ஒருத்திக்குப் பேய் பிடித்துவிட்டது என்று வேப்பிலையால் அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் அப்போது மெடிக்கல் காலேஜில் மூன்றாம் வருஷம். கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்து, இது டைபாய்டு ஜுரம், உங்களுக்கெல்லாம் அறிவு இருக்கிறதா என்று கத்தி, கோடாங்கி கையிலிருந்த உடுக்கையைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டைபாய்டுதான். அதனால் இதை ஏதோ பேய்க்கதைப் பைத்தியம் சொல்கிறது என்று நினைத்துக் கேட்காதீர்கள். அப்படிப்பட்டவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. நீங்கள் இப்போதே உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவது தெரிகிறது. பரவாயில்லை, சிரித்துக்கொள்ளுங்கள். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. ஹவுஸ் சர்ஜன் வருஷத்தை முடித்துவிட்டு நின்றேன். அக்கா கோமதி கலிபோர்னியாவில் சன்னிவேலில் கைக்குழந்தையோடு இருந்தாள். ஒரு வருஷம் அக்கா கூட இரு, அவளுக்கும் ஒத்தாசை, அங்கேயே வெளிநாட்டு டாக்டர்களுக்கு வைக்கிற பரீட்சைக்கும் படி என்று அப்பா அனுப்பி வைத்தார். ஆறு மாத விசா, இன்னொரு ஆறு மாதம் நீட்டிக்கொள்ளலாம் என்று கணக்கு. நவம்பரில் போய் இறங்கினேன். இறங்கிய நாலாம் நாள் அத்தான் அக்காவை அடித்தார்.

காரணம் என்னவென்று கேட்பீர்கள். டெலிபோனில் பேசும்போது குழந்தை அழுதது, அதனால் எதிர்முனையில் பேசியது கேட்கவில்லை. அதுதான் காரணம். ரிசீவரை மெதுவாக வைத்துவிட்டு எழுந்து வந்து, அக்காவின் பின்தலையைப் பிடித்துச் சமையலறைச் சுவரில் மோதினார். சத்தமே போடவில்லை. அப்புறம் கை கழுவிக்கொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். வெளியே அவரைப் போலத் தங்கமான மனிதர் கிடையாது. சிப் செய்கிற பெரிய கம்பெனியில் எஞ்சினியர். தமிழர்கள் எங்கே கூடினாலும் முதல் ஆளாகப் போய் மடக்கு நாற்காலி எடுத்துப் போடுவார், எல்லாக் குழந்தைகளுக்கும் பிரியமான அங்கிள். ஆன்ட்டிகள் எல்லோரும் என்னிடம், கோமதி குடுத்து வச்சவ என்று சொன்னார்கள்.

அந்த வீட்டில் மூச்சு முட்டும். படிக்கப் போகிறேன் என்று தினமும் லைப்ரரிக்கு நடந்துவிடுவேன். அங்கே புத்தகம் அடுக்குகிற வேலையில் என் வயசுப் பெண் ஒருத்தி இருந்தாள், பெயர் நவோமி. எங்கள் ஊரில் நவோமி என்றால் ஞாயிற்றுக்கிழமை வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு சர்ச்சுக்குப் போகிற டீச்சர். இந்த நவோமி ஜப்பான்காரி. தாத்தா காலத்திலேயே வந்து குடியேறிய குடும்பம். டிசம்பர் கடைசியில் ஒருநாள் அவள் என்னை சான் ஹோசேவில் இருக்கிற ஜப்பான் டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். புது வருஷத்துக்கு அரிசி இடிக்கிறார்கள், வந்து பார் என்றாள். போனால், உரல்! பெரிய கல் உரலில் வெந்த அரிசியைப் போட்டு மரச் சம்மட்டியால் மாற்றி மாற்றிக் குத்துகிறார்கள், ஒரு கிழவி நடுவில் கையை விட்டுத் தள்ளிக் கொடுக்கிறாள். நான் சும்மா இருப்பேனா, குடுங்க இங்கே என்று சம்மட்டியை வாங்கிக் குத்தினேன். அங்கே இருந்த பெண்கள் எல்லோரும் கை தட்டினார்கள். அமெரிக்கா வந்ததிலிருந்து அன்றுதான் நான் முதல்முதலாக வாய்விட்டுச் சிரித்தேன்.

நவோமியின் அம்மா அங்கே ஒரு கூடத்தில் பெண்களுக்கு ஆயுதப் பயிற்சி கொடுத்தார். எல்லோரும் அவரைச் சென்செய், அதாவது டீச்சர், என்றுதான் கூப்பிடுவார்கள். ஆயுதத்தின் பெயர் நகினாட்டா. எங்கள் திருநெல்வேலி வீச்சரிவாளை ஏழடிக் கம்பின் நுனியில் கட்டினால் எப்படியோ அப்படி. அந்தக் காலத்தில் ஜப்பானில் ஆண்கள் சண்டைக்குப் போனபின் வீட்டைக் காக்கிற பெண்களின் ஆயுதமாம் அது. பயிற்சிக்கு வெறும் ஓக் கட்டையில் செய்தது. நவோமி கேட்டதும் நான் உடனே சரி என்றுவிட்டேன். கலை, பண்பாடு, அதெல்லாம் ஒன்றுமில்லை, பொய் சொல்ல மாட்டேன். யாரையாவது எதையாவது வைத்து ஓங்கி அடிக்க வேண்டும்போல் இருந்தது, அவ்வளவுதான்.

மார்ச்சில் அத்தான் பெல்ட்டைக் கழற்றினார். குழந்தை அக்காவின் இடுப்பில் இருந்தது. நான் நடுவில் புகுந்தேன், பெல்ட்டின் கொக்கி என் தோளில் பட்டுச் சதை பிய்ந்தது, கைக்கு அகப்பட்டது குக்கர் மூடி, அதை எடுத்து அவர் காதோடு சேர்த்து ஒன்று விட்டேன். அவர் அசந்துபோய் நின்றார். அப்புறம் நிதானமாக என் பெட்டியை எடுத்து மாடிப்படியில் உருட்டிவிட்டார். இனி இவள் இந்த வாசலை மிதித்தால் உன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இந்தியாவுக்குப் போய்விடுவேன் என்று அக்காவிடம் சொன்னார். அக்கா என் கையைப் பிடித்து வெளியே தள்ளினாள்.

"நீ போயிருட்டி செம்பகம். நீ இங்கன இருந்தா அதுக்கும் சேத்து எனக்குத்தான் விழும். கிரீன் கார்டு வரட்டும், அதுவரைக்கும் நான் பல்லக் கடிச்சிட்டு இருந்துக்கிடுதேன்."

"போலீஸ்ல சொல்லுவோம்க்கா."

"சொன்னா என்னைத்தான் மொதல்ல ஊருக்கு அனுப்புவான். என் விசா அவிய விசாவுல தொங்குது. பிள்ள இங்க பொறந்தது. பிள்ளைய எனக்குத் தருவானாட்டி?"

அந்த வருஷம் முழுவதும் என் மனசில் ஓடியது இது ஒன்றுதான். கிரீன் கார்டு முதலில் வருமா, இவள் சாவு முதலில் வருமா?

பயிற்சிக் கூடத்தை ஒட்டினாற்போல இருந்த நவோமியின் வீட்டில் எனக்கு ஒரு ரூம் கொடுத்தார்கள். அங்கிருந்துதான் நான் பாதி ஜப்பான்காரி ஆனேன். காலையில் எழுந்ததும் ஈரத்துணியைக் கூடத்தின் தரையில் வைத்து, குனிந்து ஓடிக்கொண்டே துடைக்க வேண்டும், ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை. முதல் வாரம் இடுப்பு விட்டுப்போயிற்று. செருப்பை வெளியே விட்டால் மட்டும் போதாது, வாசலைப் பார்த்துத் திருப்பி வைக்க வேண்டும். ரசம் இல்லாமல், தயிர் இல்லாமல், வெறும் சோறும் ஊறுகாயும் சூப்பும் சாப்பிடப் பழகினேன். ஒருநாள் சாப்பிடுகிற குச்சிகளைச் சோற்றில் நட்டுவைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனேன், சென்செய் பதறிப்போய்ப் பிடுங்கினார், செத்தவர்களுக்குத்தான் அப்படி வைப்பார்களாம். கோடையில் பிதிர்களை வரவேற்கிற பண்டிகைக்குத் தெருவில் அவர்களோடு சேர்ந்து ஆடினேன். நம் ஆடி அமாவாசைக்கு யார் ஆடுவார்கள், சொல்லுங்கள். ஆனால் எனக்குப் பிடித்திருந்தது.

பயிற்சியில் அடி சரமாரியாக விழும். நகினாட்டாவில் நாலு இடம் முக்கியம். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு, மணிக்கட்டு, விலா, தலை. முன்னெலும்பில் வெட்டுகிற பழக்கம் இந்த ஆயுதத்துக்கே உரியது என்பார்கள். கவசம் போட்டாலும் கால் கறுத்துப்போகும். நவோமிதான் எனக்கு ஜோடி. அவள் என்னை அடித்து வீழ்த்தி, கை கொடுத்துத் தூக்கி, மறுபடி அடிப்பாள். ஆறு மாதத்தில் நான் அவளை அடிக்க ஆரம்பித்தேன். நீ ரொம்பக் கோபமாக வெட்டுகிறாய், வெட்டி முடித்தபிறகும் உன் கை நிற்பதில்லை என்று சென்செய் திரும்பத் திரும்பச் சொல்வார். நான் தலையை ஆட்டிவிட்டு என் பாட்டுக்கு வெட்டுவேன்.

கூடத்தின் கிழக்குச் சுவரில் நிஜ நகினாட்டா ஒன்று இருந்தது, உறை போட்டு, இரண்டு மரக்கொக்கியில் படுக்கையாக. சென்செய்யின் அம்மாவுடையது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் அமெரிக்காவில் இருந்த ஜப்பான்காரர்களை எல்லாம் சர்க்கார் குடும்பத்தோடு முகாமில் அடைத்ததே, அப்போது வீட்டில் ஆயுதம் இருக்கக் கூடாது என்று பயந்து கொல்லையில் மரத்தடியில் புதைத்துவிட்டுப் போனார்களாம். திரும்பி வந்து தோண்டி எடுத்தபோது துருவே ஏறவில்லையாம். அதை வருஷத்துக்கு ஒருமுறை சென்செய் மட்டும் கழற்றி எண்ணெய் போடுவார், அப்போது மூச்சுக்காற்றுகூடப் படக்கூடாது என்று வாயில் ஒரு காகிதத்தைக் கவ்விக்கொள்வார். மற்றவர்கள் தொடக்கூடாது. அதன் முன்னால் நின்று வீட்டுக் கஷ்டம் எதையும் பேசவும் கூடாது. ஏன் என்று கேட்டேன், அதற்குக் காது உண்டு என்று அம்மா சொல்லியிருக்கிறார், எனக்கும் அவ்வளவுதான் தெரியும் என்றார். எனக்கு உள்ளூரச் சிரிப்பு.

நவராத்திரி வந்தது. ஓர் ஆன்ட்டி வீட்டுக் கொலுவில் அக்காவைப் பார்க்கலாம் என்று நவோமியின் காரில் போனேன். அக்கா வந்திருந்தாள், பட்டுப்புடவை, இடது கையில் முழங்கைவரை மாவுக்கட்டு. பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லோரும், பாத்து நடக்கக் கூடாதா கோமதி என்றார்கள். சுண்டல் கொடுத்தார்கள், குங்குமம் கொடுத்தார்கள், பாடச் சொன்னார்கள். அவளும் பாடினாள். நான் அவளைத் துணி மாற்றுகிற ரூமுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தி, எக்ஸ்ரே பார்த்து ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். முன்கையில், சுண்டுவிரல் பக்கத்து எலும்பு, நட்டநடுவில் முறிவு. வழுக்கி விழுந்தால் அங்கே உடையாது. தலைக்கு வருகிற அடியைத் தடுக்கக் கையைத் தூக்கினால்தான் அங்கே உடையும். இது டாக்டருக்குப் படிக்கிற எல்லோருக்கும் தெரியும்.

"எதை வச்சு அடிச்சாரு?"

"விடுட்டி."

"எதை வச்சு அடிச்சாருங்கேன்."

"இஸ்திரிப் பெட்டி" என்றாள். "பிள்ளை மேல படாம நான் தடுத்துட்டேன்ட்டி. பிள்ளைக்கு ஒண்ணுமில்ல." அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை தெரிந்தது. எனக்கு அழுகை வரவில்லை. கழுத்தில் பார்த்தேன், புடவைத் தலைப்புக்கு அடியில் நாலு விரல் தடம், பழுத்து மஞ்சளாகியிருந்தது. கழுத்தை நெரிக்கத் தொடங்கிவிட்டால் அப்புறம் அதிக நாள் இல்லை.

ஆயுத பூஜை வெள்ளிக்கிழமை வந்தது. எங்கள் அப்பாவுக்கு லேத் பட்டறை. அன்றைக்கு ஒவ்வொரு மெஷினையும் துடைத்து, இரும்பில் சந்தனம் இட்டுக் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் அறுத்து வைத்துக் கும்பிடுவோம். திருப்புளிகூட விட்டுப்போகாது. அன்று எதையும் எடுத்து வேலை செய்யக் கூடாது. மறுநாள் விஜயதசமிக்கு ஒவ்வொன்றையும் எடுத்துப் பேருக்கு ஒரு வேலையாவது செய்ய வேண்டும். இது எனக்கு ரத்தத்தில் ஊறியது. காலை பத்து மணி, சென்செய் கடைக்குப் போயிருந்தார், நவோமி லைப்ரரியில். கூடத்தைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தேன். கிழக்குச் சுவரில் அது. இத்தனை மாதம் சோறு போட்ட வீடு, இத்தனை ஆயுதம் இருக்கிற இடம், ஒரு பொட்டு இல்லாமல் இருக்கிறதே என்று நிஜமாகவே மனசு கேட்கவில்லை. ஓக் கட்டைகளுக்கு எல்லாம் வரிசையாகச் சந்தனம் வைத்தேன். அப்புறம் சுவரிலிருந்து அதை எடுத்தேன்.

உறைக்குப் பொட்டு வைத்திருக்கலாம். வைத்துவிட்டு விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காதோ என்னவோ. ஆனால் மரத்துக்குப் பொட்டு வைத்தால் அது என்ன பூஜை? எங்கள் பட்டறையில் இரும்புக்குத்தான் வைப்போம். உறையை உருவினேன். ஈரச் சந்தனத்தை மூன்று விரலால் அலகில் இழுத்தேன், கொலுவில் கொடுத்த குங்குமத்தை நடுவில் வைத்தேன். எலுமிச்சம்பழம் அறுக்கக் கத்தியைத் தேடுவானேன் என்று அந்த அலகிலேயே வைத்து அழுத்தினேன், பழம் தானாக இரண்டாக விழுந்தது. குங்குமத்தைத் தொட்டு இரண்டு பாதியிலும் தடவிப் பிழிந்தேன், சிவப்புச் சாறு அலகு வழியாக ஓடியது. அப்போது வாயைத் திறந்து சொன்னேன், தமிழில்தான், சத்தமாகத்தான் சொன்னேன். எங்க கோமதியை அடிக்கிற கை இனிமேல் அடிக்கக் கூடாது. அவ்வளவுதான் கேட்டேன். ஈரத்தோடேயே உறையைப் போட்டுக் கொக்கியில் வைத்தேன். ஓக் கட்டைகளின் பொட்டை மட்டும் சென்செய் வருவதற்குள் துடைத்துவிட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை, விஜயதசமி. மத்தியானம் மூன்று மணிக்குப் பயிற்சி, கூடத்தில் பளீரென்று வெயில். சுவரோரம் பதினொரு பெண்கள் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார்கள், சென்செய்யையும் நவோமியையும் சேர்த்து. ஒவ்வொருத்தராக நடுவில் போய் நாலு வெட்டுப் பாடத்தைத் தனியாகச் செய்து காட்ட வேண்டும். என் முறை வந்தது. வெள்ளைச் சட்டை, கீழே கறுப்பு ஹகாமா, அதாவது கொசுவம் வைத்த பாவாடை மாதிரி. கையில் ஓக் கட்டை. நிஜ நகினாட்டா உறையோடு சுவரில்தான் இருந்தது, நான் நன்றாகப் பார்த்தேன், எல்லோரும் பார்த்தார்கள்.

முதல் வெட்டு முன்னெலும்புக்கு. காற்றில் வெட்டுகிறேன், எதிரே யாரும் இல்லை. கட்டை எதிலோ இறங்கியது. நான் பிணம் அறுத்தவள், ஆபரேஷன் தியேட்டரில் நின்றவள். தோல் எப்படி விடும், சதை எப்படி வழிவிடும், எலும்பு எப்படித் தடுக்கும் என்று என் கைக்குத் தெரியும். மூன்றும் அந்த வரிசையில் வந்தன. எலும்பில் பட்ட அதிர்ச்சி முழங்கைவரை ஏறியது. கட்டையைப் போட்டுவிட நினைத்தேன், விரல் திறக்கவில்லை. கம்பு தானாகத் திரும்பி மணிக்கட்டுக்குப் போனது. அங்கே தசை நார் ஒவ்வொன்றாக அறுபட்டுச் சுருண்டுகொள்வது தெரிந்தது, கம்பியை வெட்டினால் சுருளுமே அந்த மாதிரி. மூன்றாவது விலாவில். மூக்கில் பால் தீய்கிற வாடை அடித்தது, கூடத்தில் ஏது பால்? நாலாவது தலையில். மேலிருந்து கீழே. அதோடு பாடம் முடிந்தது, என் விரல்கள் விட்டன, கட்டை விழுந்தது, நான் மூலையில் போய் வாந்தி எடுத்தேன். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்து ரத்தமாக இருந்தது.

நவோமி அப்புறம் சொன்னாள். வெட்டும்போது கட்டை காற்றைக் கிழிக்கிற சத்தம் வர வேண்டும், அன்று ஒரு வெட்டுக்கும் வரவில்லையாம், ஒவ்வொரு தடவையும் கட்டை பாதி வழியில் தட்டுப்பட்டு நின்று அப்புறம் நகர்ந்ததாம். எனக்கு மட்டும் தோன்றியது என்று நீங்கள் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அரை மணி நேரத்தில் டெலிபோன் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து. நவோமி ஃப்ரீவேயில் பறந்தாள். எமர்ஜென்ஸி வார்டில் அக்கா உட்கார்ந்திருந்தாள், மடியில் குழந்தை, நைட்டி முழுவதும் ரத்தம், அவளுடையது இல்லை. என்னைப் பார்த்ததும் பின்னால் நகர்ந்து குழந்தையை இறுக்கிக்கொண்டாள். என் அக்கா என்னைப் பார்த்துப் பயந்தது அன்றைக்குத்தான்.

போலீஸ்காரர் ஒருவர் என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய் மூன்று மணிக்கு எங்கே இருந்தாய் என்று கேட்டார். அக்கா வந்ததிலிருந்து மை சிஸ்டர், மை சிஸ்டர் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாளாம். பதினொரு பேர் பெயரையும் கொடுத்தேன், ஒவ்வொருவரிடமும் விசாரித்தார்கள். இரண்டு நாள் கழித்துக் கண் விழித்த அத்தான், நானே தடுக்கி பால்கனிக் கண்ணாடிக் கதவில் விழுந்தேன் என்று வாக்குமூலம் கொடுத்துவிட்டார். கண்ணாடி உண்மையிலேயே உடைந்திருந்தது. கேஸ் முடிந்தது. ஆனால் கட்டு மாற்றும்போது நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கண்ணாடி கீறினால் கோணல்மாணலாக, பத்துப் பதினைந்து இடத்தில் கீறும். இவருக்கு நாலே காயம், நாலும் நேர்கோடு. முன்னெலும்பு. வலது மணிக்கட்டு, அந்தக் கை இனி ஒரு தம்ளரைக்கூடப் பிடிக்காது. விலா. தலையில் ஆரம்பித்து வலது கண் வழியாகக் கன்னம்வரை ஒன்று, அந்தக் கண் போய்விட்டது. என்னைப் பார்த்த மீதிக் கண்ணை அவர் மூடிக்கொண்டார். உடம்பு தேறியதும் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார், விவாகரத்துப் பேப்பரில் இடது கையால் கையெழுத்துப் போட்டார். குழந்தை வேண்டும் என்று கேட்கவில்லை. கிரீன் கார்டும் அந்தக் களேபரத்துக்கு நடுவில் வந்து சேர்ந்தது. அக்கா இன்றைக்கும் உயிரோடு, நல்லபடியாக இருக்கிறாள்.

நான் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது சென்செய் நிஜ நகினாட்டாவைத் தரையில் வெள்ளைத் துணி விரித்து வைத்து எதிரே உட்கார்ந்திருந்தார். உறையிலிருந்து எலுமிச்சை வாடை வருகிறது என்று எடுத்தாராம். உருவிக் காட்டினார். ஈரச் சந்தனமும் பழச்சாறும் இரண்டு நாள் பூட்டிக் கிடந்தால் இரும்பு கறுத்துப்போயிருக்க வேண்டும். அலகு பளபளவென்று இருந்தது, பொட்டு இல்லை, சாறு இல்லை, சுத்தமாகத் துடைத்தது போல. தொட்டாயா என்று அவர் கேட்கவில்லை. இதனிடம் என்ன கேட்டாய் என்று கேட்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அதைத் துணியில் சுற்றினார். அந்த வாரமே கொல்லையில் குழி வெட்டச் சொன்னார், நானும் நவோமியும்தான் வெட்டினோம். அடுத்த மாதம் என் விசா முடிந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் அக்கா வாய் திறந்தாள். அடுப்பில் பால் வைத்திருந்தாளாம், அத்தான் பின்னாலிருந்து கழுத்தைப் பிடித்துப் பால்கனிப் பக்கம் இழுத்திருக்கிறார், கண் இருட்டிக்கொண்டு வந்ததாம். வாசல் கதவு உள்ளே தாழ் போட்டபடி இருந்தது.

"வெள்ளச் சட்டை, கறுப்புல பாவாடை மாரி ஒண்ணு போட்டு நீ அங்கன நின்னட்டி" என்றாள். அந்த உடையில் அவள் என்னை ஒருநாளும் பார்த்தது கிடையாது. "கை வெட்டுப்பட்ட உடனே என் களுத்த விட்டுட்டாவ. மூணாவதுல கீழ விழுந்துட்டாவ. நான் உன் கால புடிச்சு, போதும்ட்டி செம்பகம், போதும்ட்டின்னு கத்துனேன். நீ குனிஞ்சுகூடப் பாக்கல."

"நான் அங்கன இல்லையேக்கா."

"சரிட்டி" என்றாள். அதன் பிறகு நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

சர்ஜன் ஆக வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை இருந்தது. ஊருக்கு வந்து எக்ஸ்ரே பார்க்கிற படிப்பை எடுத்துக்கொண்டேன். கத்தியைக் கையில் எடுக்க வேண்டியதில்லாத படிப்பு. ஏன் என்று கேட்டவர்களுக்கு ஏதேதோ சொன்னேன். கூடத்தில் நடந்ததைச் சொன்னேனே, அதில் உங்களிடம்கூட ஒன்றை விட்டுவிட்டேன்.

மூன்றாவது வெட்டுக்கும் நாலாவதுக்கும் நடுவில் ஒரு மூச்சு இழுத்து, கம்பில் கையை மாற்றிப் பிடிக்க வேண்டும். அப்போது என் வலது கணுக்காலை யாரோ இரண்டு கையாலும் பிடித்தார்கள். ஒரு கை வெறும் கை. இன்னொன்றின் மாவுக்கட்டு என் தோலில் சொரசொரவென்று உரசியது. போதும்ட்டி செம்பகம். காதோரம் கேட்டது, அக்கா குரல்தான். அந்த நேரத்தில் என் விரல்கள் என் பேச்சைக் கேட்டன, திறந்து மூடிப் பார்த்தேன். கட்டையைக் கீழே போட்டிருக்கலாம். மூன்றாவது வரை அதுதான் என்னை இழுத்துக்கொண்டு போனது, அதை யாரிடம் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். நாலாவதை நான் வெட்டினேன்.